செத்த எலியைத் தேடிய நாள்

பிள்ளை பிறந்த எட்டாம் நாள் காலை, ஆறு முட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டு, பையை சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஜான்சன் வந்து இறங்கினான். மார்த்தாள் அத்தையின் வீட்டு வாசலிலேயே அந்த நாற்றம் அவனை எதிர்கொண்டது. வா என்றுகூடச் சொல்லவில்லை. நேராக மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஜான்சன் நாற்றம் அறியாதவன் அல்ல. உத்திரமேரூர் அரிசி ஆலையில் நெல் ஊறப்போடும் தொட்டிக்கு அவன்தான் ஆள். மூன்று நாள் ஊறின அந்தத் தண்ணீரை மோந்து பார்த்த ஒரு தெருநாய், தன் தெரு எதுவென்று மறந்து செங்கல்பட்டு வரை போய்விட்டதாக ஆலையில் சொல்வார்கள். அந்தத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஜான்சன் இட்லி தின்பான். நெல் நாற்றம் அவனுக்கு நாற்றமே இல்லை.

மனிதர் உடம்பிலிருந்து வருவதுதான் ஆகாது. சளி, கோழை, காதழுக்கு, கொப்புளம் எதைக் கண்டாலும் குடல் வாய்க்கு வந்துவிடும். ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுப் பெரியவர் மூக்கைச் சிந்திக் கம்பியில் துடைத்ததைப் பார்த்து இவன் எடுத்த வாந்தியின் சத்தத்தில், ரேடியேட்டர் வெடித்துவிட்டதென்று டிரைவர் இறங்கிப் போய் மூடியைத் திறந்து பார்த்தாராம். கண்டக்டர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

பிள்ளை பிறந்த அன்றும் இதே கதைதான். மனைவி பரிமளாவுக்கு இரண்டு நாள் வலி. குழந்தை குறுக்கே படுத்துக்கொண்டு திரும்ப மாட்டேன் என்றது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் ஜான்சன். தயிர் பூசினாற்போல் வெள்ளைப் பூச்சோடு பெண் குழந்தையைக் கொண்டுவந்து நர்ஸ் காட்டியபோது, வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடியவனும் அவனே. "கயுத்து நிக்கட்டும், அப்பறம் தூக்கறேன்" என்று சொல்லி, இன்றுவரை பிள்ளையைத் தொடவில்லை.

மயக்கம் தெளிந்த பரிமளாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரி அந்த ஓட்டத்தை இரண்டு முறை நடித்துக் காட்டினாள். பரிமளா சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. தையல் மட்டும் காரணமில்லை.

எட்டாம் நாள் தையல் பிரிக்க வந்துவிட வேண்டும் என்று பலமுறை சொல்லித்தான் ஐந்தாம் நாள் அனுப்பினார்கள். அதுவும் மார்த்தாள் கெஞ்சின கெஞ்சலுக்காக. மார்த்தாள் பரிமளாவின் அப்பாவுக்குத் தங்கை. தாயில்லாத பெண்ணை வளர்த்தவள். ஏழு பெற்றவள். ஏழுக்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவள்.

"அத்தே, எலி செத்துக் கீது" என்றான் ஜான்சன், சட்டைக் காலரை மூக்குக்கு இழுத்துக்கொண்டு.

"நேத்துலேர்ந்து எனுக்கும் அப்டிதான் கீது மாப்ள. எங்க பூந்து செத்துதோ சனியன்."

"எலிதான்" என்றாள் பரிமளா உள்ளேயிருந்து. அவளை யாரும் கேட்கவில்லை. "பரண்ல ஓடிச்சி. நான் பாத்தேன்."

அறை மூலையில் பாயில் படுத்திருந்தாள். கத்திரி வெயில் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கழுத்துவரை போர்வை. பக்கத்தில் பிள்ளை, துணி மூட்டைபோல.

"நாஷ்டா துன்னியா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டடி உள்ளே வைத்தான்.

"கிட்ட வராத மாமா. அங்கயே நில்லு." குரல் உயர்ந்தது. "மொதல்ல எலிய பாரு."

பார்த்தார்கள். பரணில் இருந்த அத்தனையும் இறங்கியது. கேழ்வரகுப் பானைக்கு அடியில் காய்ந்த பல்லி ஒன்று. போன கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரத்துக்குள் ஒரு கரப்பான் குடும்பம், பாட்டன் முதல் கொள்ளுப்பேரன் வரை. எவன் கல்யாணத்திலோ தொலைந்த ஒற்றைச் செருப்பு, அதற்குள் பூஞ்சை தாடி வளர்த்திருந்தது. ஒவ்வொன்று இறங்கும்போதும் அந்த நாற்றம் தாங்காமல் ஜான்சன் கொல்லைப்புற முருங்கை மரத்தடிக்கு ஒரு நடை போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். அந்த முருங்கை அந்த வருஷம் காய்த்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் காய்த்ததில்லை.

கடைசியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் எலி கிடைத்தேவிட்டது. கிடைத்தது எலிதான் என்றாலும் அது செத்து இரண்டு மழைக்காலமாவது போயிருக்கும். அப்பளம்போல் தட்டையாக, பொரித்தால் உப்பும் என்கிற பதத்தில் இருந்தது. மார்த்தாள் அதை முறத்தில் ஏந்தி மோந்து பார்த்தாள். வாடையே இல்லை.

"இதான்" என்றாள் உறுதியாக. "இந்தப் பீடையாலதான்."

"இது நாறலியே அத்தே?"

"நாறி முடிச்சிட்டுக் கீது மாப்ள. வாட வூட்டுல தங்கிப்போச்சி."

எலியைத் தெருவில் வீசிவிட்டு சாம்பிராணி போட்டாள். அரை மணி நேரத்தில் சாம்பிராணியும் நாற்றமும் கைகோத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றின. முன்பு வெறும் நாற்றமாக இருந்தது இப்போது கோயில் கட்டி வைத்த நாற்றமாகிவிட்டது.

மார்த்தாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் பரிமளா மெதுவாகக் கூப்பிட்டாள்.

"மாமா. தண்ணி குடு."

"அதுக்கு ஏன் ரகசியம்?"

"அத்த கொடுக்க மாட்டாங்க. தண்ணி குடிச்சா தையல்ல நீர் கோத்துக்குமாம். காலைல ஒரு மொடக்கு சுக்குத் தண்ணி, சாயந்தரம் ஒரு மொடக்கு. நாக்கு தோல் மாதிரி ஆய்ப்போச்சி. பாலும் சொரக்க மாட்டேங்குது, இது நாள்பூரா கத்துது."

அப்போதுதான் ஜான்சன் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். உதடு ஏரிமண்போல் வெடித்திருந்தது. பற்கள் தந்தியடித்தன. கூரை கொதிக்கிற வெயிலில் இவள் மார்கழிக் குளிரில் நடுங்குகிறாள்.

சொம்பை நீட்டினான். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். குனிந்து சொம்பை வாங்கும்போது அவன் மூக்கு அவளுக்கு ஒரு முழ தூரத்துக்கு வந்தது.

அங்கே நாற்றம் அதிகம்.

ஒரு ஈ பரணைச் சுற்றியது. டிரங்குப் பெட்டி மேல் உட்காரவில்லை. எலி கிடந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து பரிமளாவின் போர்வைமேல், இடுப்புக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டு பேரும் ஒரு மணி நேரமாகத் தேடியது ஈக்கு அரை நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

தொட்டி ஆளுக்கு அந்த வாடை இப்போது பிடிபட்டது. தண்ணீர் மாற்றாமல் விட்ட தொட்டியில், மூன்றாம் நாள் நெல் கெட ஆரம்பிக்கும்போது வருமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே ஏதோ ஊறிக் கெட்டுக்கொண்டிருக்கிறது.

"பரிமளா, எலி ஓடிச்சின்னியே."

அவள் சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"உனுக்குத் தெரியும், இல்ல?"

"ரெண்டு நாளா" என்றாள். "சொன்னா நீ பாப்ப. பாத்தா ஓடிடுவ. கொயந்தைக்கே ஓடினவன்தான நீ. அப்பறம் இந்த ஜென்மத்துல என் பக்கத்துல படுப்பியா? வாசலுக்குப் போ மாமா. உனுக்கு இப்பவே வாயில வந்துட்டுக் கீது."

வந்துவிட்டிருந்தது. விழுங்கினான். விழுங்கியது அவன் வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை.

மார்த்தாள் குடத்தோடு உள்ளே வரும்போது மாப்பிள்ளை போர்வையை விலக்கிக்கொண்டிருந்தான். அடிவயிற்றைச் சுற்றி எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து, உரல்போல் இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"மாப்ள! கட்டத் தொடாதிங்க! பன்னண்டு நாள் ஆவணும். அவுத்தா வயித்துல காத்து பூந்துடும், வயிறு பானை மாதிரி தொங்கிடும்."

"உள்ள இன்னா வெச்சிக்கீறிங்க?"

"இன்னா வெப்பாங்க? மஞ்சளு, வேப்பெண்ண, அடுப்புச் சாம்பலு. ஏயு புள்ளைக்கும் எனுக்குக் கட்டினதுதான். இந்தக் காலனில பாதிப் பொம்பளைங்களுக்கு என் கையாலதான் வயிறு கட்டு. ஒர்த்திக்குத் தொந்தி கீதான்னு பாத்துட்டு வாங்க!"

"அவுங்களுக்கெல்லாம் வயித்த அறுத்தாங்களா அத்தே?"

மார்த்தாள் குடத்தைத் தரையில் இறக்கி வைத்தாள்.

ஜான்சன் முடிச்சை அவிழ்த்தான். முதல் சுற்று வந்தது. எழுந்து முருங்கையடிக்குப் போனான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். இரண்டாம் சுற்று. முருங்கை. மூன்றாம் சுற்றில் துணி மஞ்சளாகவும், நாலாம் சுற்றில் மஞ்சளும் பச்சையுமாகவும் ஒட்டிக்கொண்டு வந்தது. நாலாவது நடையில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை, குடல் வெறும் காற்றைப் பிழிந்தது. இத்தோடு ஓடிவிடுவான் என்று கண்களை மூடிக்கொண்டாள் பரிமளா. திறந்தபோது ஐந்தாம் சுற்றின் நுனி அவன் கையில் இருந்தது.

அது வரவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சாம்பல் சேறு. சேற்றுக்கு நடுவில் சீழ் தானாகக் கசிந்தது.

"இதுக்கு மேல நான் இயுக்க மாட்டேன்" என்றான். "எயுந்திரு. ஆஸ்பத்திரி."

பஸ் நிறுத்தத்தில் நின்ற ஆட்டோ வந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் பரிமளா ஒரு தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வார்டில் கற்றுக்கொடுத்தது அது, இருமினாலும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். மார்த்தாள் பிள்ளையை வைத்துக்கொண்டு வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரர் ஒரு தடவை மூக்கைச் சுளித்தார்.

"எலி" என்றான் ஜான்சன். அவர் அப்புறம் சுளிக்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறை ஆண்டாளம்மாள் சிஸ்டரின் ராஜ்யம். அவர் திட்டினால் புண் பயந்து ஆறிவிடும் என்று ஊரில் பேச்சு. ஒட்டிய துணியை மருந்துத் தண்ணீரால் நனைத்து நனைத்து, சிட்டிகை சிட்டிகையாக உரித்தார். உரித்ததைப் பார்த்தார். மார்த்தாளைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? மஞ்சள், சாம்பல், எண்ண... வயித்த வஞ்சிரம்னு நெனச்சிக்கினியா? வறுக்கறது ஒன்னுதான் பாக்கி."

"காலங்காலமா கட்டறதுதான் சிஸ்டர்..."

"காலங்காலமா அறுத்தாங்களா? வெளிய பாத்தா பத்து வெரல் நீளம் ஒரு கோடு, அவ்ளோதான். உள்ள எத்தினி அடுக்கு தெரியுமா? தோலு, அதுக்கு அடியில கொழுப்பு, அதுக்கு அடியில கெட்டியா ஒரு ஒற, அப்பறம் கர்ப்பப்பை. ஒவ்வொன்னுத்தையும் தெச்சி வுட்டுக்கீறாங்க. மேல காய ரெண்டு வாரம்னா, உள்ள ஒன்னு சேர மாசக்கணக்கு ஆவும். அது சுத்தமா, காஞ்சி கெடக்கணும். நீ காத்து போவாம இறுக்கி, வேர்வையில ஊற வெச்சி வெதைக்கு முள கட்டற மாதிரி கட்டிக்கீற."

"தண்ணி குடிச்சா நீர் கோத்துக்கும்னு..."

"குடிக்கிற தண்ணி தையலுக்குப் போவாதும்மா. அது போறதுக்கு வேற வழி கீது, நீ தெனமும் போய்க்கினுதான கீற? நல்லா தண்ணி குடிக்கணும், முட்ட துன்னணும், பருப்பு துன்னணும். புண்ணு எதால ஆறும்? பட்டினியாலயா? மொள்ள எயுந்து நடக்கணும். கொயந்தைய தவுர கனமா எதுவும் தூக்கக் கூடாது. பால் குடுக்கும்போது புள்ள தையல்மேல உதைக்காம பக்கவாட்டுல படுக்க வெச்சிக் குடுக்கணும். இதெல்லாம் சொல்லித்தான அனுப்பினாங்க?"

"சொன்னாங்க" என்றாள் பரிமளா, மெல்ல.

"சரி, நீ கட்டும்போது தையல் எப்டி இருந்துது? செவந்து இருந்துதா, ஈரமா இருந்துதா?"

மார்த்தாள் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

"உன்னத்தாம்மா கேக்கறேன்."

"பாக்கல சிஸ்டர்."

"கட்டினது நீதான?"

"கண்ண மூடிக்கினு கட்டினேன்." மார்த்தாளின் குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "ஏயு பெத்தேன். நூறு வயிறு கட்டிக்கீறேன். ஒரு வெட்டு பாத்ததில்ல. ஆஸ்பத்திரில ஒரு தபா கண்ணுல பட்டுது. கோணி தெச்ச மாதிரி கீது என் பொண்ணு வயிறு. எனுக்கு கொமட்டிக்கினு வந்துது. சாம்பல அள்ளி மூடிட்டேன். மூடிட்டா ஆறிடும்னு நெனச்சேன்."

சொல்லிக்கொண்டே சிஸ்டரின் கையில் இருந்த தட்டைப் பார்த்துவிட்டாள். பிள்ளையை ஜான்சன் கையில் திணித்தாள். சுவரில் சாய்ந்தாள். அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள்.

ஜான்சன் கையில் பிள்ளை. கழுத்து நிற்கவில்லை. எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல், ஊறின நெல்லை ஏந்துவதுபோல் இரண்டு கைகளாலும் ஏந்தினான். பிள்ளை அவனை ஒருமுறை பார்த்தது. முகத்தைச் சுருக்கியது. பிறகு அவன் சட்டையின் முன்பக்கம் முழுக்க, அரைத்த கடுகு நிறத்தில், சூடாகப் போய்த் தீர்த்தது.

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். சிஸ்டர்கூட ஒரு வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

ஜான்சன் குனிந்து பார்த்தான். "காலி சிஸ்டர்" என்றான். "இனிமே எடுக்கறதுக்கு ஒன்னுமில்ல."

பரிமளா சிரித்தாள். தையல் இழுத்தது. "ஆ!" என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"எத்தினி தபா எடுத்த மாமா?"

"நாலு. எலி தேடினப்ப எடுத்தது தனி."

"இன்னும் எத்தினி நாள் கட்டு மாத்தணுமோ. தெனம் நாலுன்னா நீ துரும்பாயிடுவ."

"ஆயிட்டுப் போறேன். நீ தண்ணி குடி."

டாக்டர் வந்து இரண்டு தையலைப் பிரித்தார். உள்ளே கட்டியிருந்த சீழ் வெளியேறியது. எவ்வளவு என்று இங்கே எழுதினால் படிப்பவர்கள் காலை நாஷ்டாவைத் துறக்க வேண்டியிருக்கும். அத்தனையையும் ஜான்சன் பிள்ளையோடு நின்று பார்த்தான். டாக்டர் குச்சி ஒன்றில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு, ஆழம் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆழம் பார்த்து எடுத்தார். ஊசிக்கும் கட்டிலுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏன் சிஸ்டர் ஒன்னும் சொல்லாம போறாரு?"

ஆண்டாளம்மாள் உடனே திட்டவில்லை. அதுதான் ஜான்சனுக்குப் பயமாக இருந்தது.

"மேல்புண்ணு மட்டும்னா மருந்துல ஆறிடும். அந்தக் கெட்டி ஒறையில போட்ட தையல் வுட்டுக்கினு இருந்தா மறுபடியும் தியேட்டருக்கு எடுத்துக்கினு போய்த் தெக்கணும். உள்ள பஞ்சு வெச்சிக் கட்டிக்கீறேன். நாளைக்குக் காலையில எடுப்போம். வெள்ளையா வந்தா பயமில்ல."

"இல்லன்னா?"

"அந்தத் துணிய கொண்டுபோய்க் கொளுத்து மொதல்ல" என்றார் சிஸ்டர்.

மாலை நாலரை மணி இருக்கும். பரிமளா ஊசி போட்ட அசதியில் தூங்கினாள். தண்ணீர் உள்ளே போனதில் பால் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிள்ளையும் அவள் பக்கவாட்டில் தூங்கியது. ஜான்சன் சட்டையைக் கழுவ வெளியே வந்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழாயடியில் மார்த்தாள் குந்தியிருந்தாள். அந்த எட்டு முழ வேட்டியைக் கல்லில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முகத்தைத் திருப்பி ஓங்கரித்தாள். திரும்பவும் அடித்தாள்.

"கொளுத்தச் சொன்னாங்களே அத்தே."

"உங்க மாமா தாலி கட்டின வேட்டி இது மாப்ள. வூட்டுல இதவிட மெதுவான துணி கெடையாது. பொண்ணுக்கு உறுத்தக் கூடாதுன்னு எடுத்தேன்."

ஜான்சன் உட்கார்ந்து வேட்டியின் மறுநுனியைப் பிடித்தான். அவள் வலப்பக்கம் முறுக்கினாள், இவன் இடப்பக்கம் முறுக்கினான். மங்கலான தண்ணீர் நடுவிலிருந்து வழிந்து கல்லில் ஓடியது. அவள் ஓங்கரித்தாள். இவனும் ஓங்கரித்தான். நுனியை இருவரும் விடவில்லை.

"நாளைக்கி பஞ்சு இன்னா நெறத்துல வரும் மாப்ள?"

அவன் வேட்டியை விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தான். எல்லாம் போய்விட்டது. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. அது மஞ்சள்தூளின் மஞ்சளா, சீழின் மஞ்சளா என்று தெரியவில்லை. மூக்கருகே கொண்டுபோனான். நெல் கெட்டதா இல்லையா என்று ஒரே மோப்பத்தில் சொல்கிற மூக்கு. அதற்கும் தெரியவில்லை.

"இன்னொரு தபா அலசிப் பாக்கலாம் அத்தே" என்று வேட்டியை மறுபடியும் குழாயடியில் போட்டான்.